தொப்பிக்காரர் பேசிய தமிழ்

வாட்ஸ்அப்பில் அந்த அமெரிக்க நடிகரின் படத்தை யார் முதலில் போட்டது என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். குதிரைமேல் உட்கார்ந்து, தொப்பியை நெற்றிக்கு இறக்கி, ஒரு பக்கமாகப் பார்க்கிற படம். அதைப் பார்த்ததும் நம்மோடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை பேரும், பதுளையில் இருப்பவர்கள், பண்டாரவளையில் கடை வைத்திருப்பவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், கப்பலேறிக் கூடலூருக்குப் போனவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கைகூப்புகிற பொம்மையும் அழுகிற பொம்மையும் போட்டுத் தள்ளிவிட்டீர்கள். அந்த நடிகருக்காகவா அழுதீர்கள்? "நம்ம மாஸ்டர் மாதிரி இனி யாரு படம் சொல்லப் போறா" என்று எங்கள் மாமாவுக்காக அழுதீர்கள். மாஸ்டர் நினைவாக ஒரு மலர் போடப் போகிறீர்களாம். அதற்கு நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி வராது. இரண்டு பக்கத்திலும் நிற்காது. பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள், எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மலரைப் படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்காக ஒரு விவரம். மாஸ்டர் என்றால் என் அம்மாவுக்கு மூத்த அண்ணன். ஐந்து வகுப்புகளையும் ஒரே நீள மண்டபத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஆளாகப் பாடம் நடத்தியவர். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் யாருக்குக் கடுதாசி வந்தாலும் மாமாதான் பிரித்துப் படித்துக் காட்டுவார், யார் பதில் போட்டாலும் மாமாதான் எழுதுவார். எழுத்து என்று ஒன்று எங்கள் தோட்டத்துக்கு வந்தால் அது மாமாவின் வாய் வழியாகத்தான் வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை இதில்தான் இருக்கிறது.

இனி நடிகர். எங்கள் துரைக்கு அந்த நடிகர் என்றால் பைத்தியம். பெரிய பங்களாவில், மனைவி மக்கள் இல்லாமல், நாய்களோடு இருந்து தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை. கொழும்பில் படப்பெட்டி வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கடைக்கு எழுதிப் போட்டு, அந்த ஒரே நடிகரின் படத்தை மாதம் ஒன்றாக வரவழைப்பார். பெட்டி ரயிலில் பதுளை ஸ்டேஷனுக்கு வரும், தோட்டத்து லொறி போய் எடுத்துவரும். சனிக்கிழமை கிளப்பில் துரைமாருக்குப் படம். திங்கள் ரயிலில் பெட்டி திரும்பிப் போக வேண்டும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கிறதே என்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நமக்குப் படம் காட்டச் சொன்னார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற காரியத்தால் எத்தனை வம்பு வருகிறது பாருங்கள்.

பேரன் போன மாதம் அந்த நடிகரின் சரித்திரத்தையே கைப்பேசியில் எடுத்துக் காட்டினான். முதலில் ஏதோ நாடகக் கொட்டகையில் திரை இழுக்கிற வேலையாம். அப்புறம் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார். அப்புறம் பேசாமல் கதவோரம் நிற்கிற போலீஸ்காரர், இரண்டாவது காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிற தம்பி. வருடக்கணக்காக ஒருவரும் சீண்டவில்லை. பிறகு ஒரு குதிரைப் படம் ஓடியிருக்கிறது. அதற்குமேல் கதாநாயகன், பட்டாளத்துக் கேப்டன், பாதிரியார், ஊரைக் காக்கிற அதிகாரி. கடைசியில் வயிறு தள்ளி, நரைத்து, கலர் படத்தில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய சண்டைகளைப் பற்றிப் பேசுகிற கிழவர். படிப்படியாக ஏறி இறங்கிய ஒழுங்கான வாழ்க்கை.

நமக்கு அது அந்த ஒழுங்கிலா வந்தது? கொழும்புக் கடையில் அந்த வாரம் எந்தப் பெட்டி சும்மா கிடந்ததோ அது வந்தது. சித்திரையில் நரைத்துப் போயிருந்தவர் வைகாசியில் இளந்தாரி. ஆனியில் பாதிரியார், ஆடியில் துப்பாக்கியோடு திரிகிறார். நம் தோட்டத்தில் யாருக்கும் அவை வேறு வேறு படங்கள் என்ற எண்ணமே கிடையாது. நடிகர் என்கிற வேலையும் நமக்குப் புரியவில்லை. தொப்பி போட்ட ஒரு மனுஷர், அவருக்கு மாதம் ஒரு முறை ஏதோ நடக்கிறது, அதைத் துரை நமக்குக் காட்டுகிறார். அவ்வளவுதான். அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்ததும் நாம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்கு அரைச்சுவர்தான், மேலே திறந்த வெளி. வெளிச்சத்தை மறைக்க, கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்குப் படங்குகளைக் கொண்டுவந்து வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஆறு நாள் மழையில் நனைந்து, தேயிலைக் கறை ஏறி, காயாத சாக்கு. உள்ளே நூற்றைம்பது பேரின் மூச்சு, வெற்றிலை, தேங்காய் எண்ணெய், லொறி டிரைவர் அண்ணன் ஓட்டுகிற பட மெஷினின் சூடு. திரை என்பது டிஸ்பென்சரிக் கட்டில் விரிப்புகள் இரண்டைச் சேர்த்துத் தைத்தது. தொப்பிக்காரர் எங்கே போனாலும் நடுவில் இருக்கிற அந்தத் தையலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இங்கிலீஷ் சத்தம் ஒருவருக்கும் புரியாததால் துரை அதை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். மாமா திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று, மண்ணெண்ணெய் ஊற்றுகிற பெரிய தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு கதை சொல்வார். தொப்பிக்காரரின் சொந்தக் குரலை நான் முதல் முதலாகக் கேட்டது எனக்கு நாற்பது வயதுக்கு மேல், பதுளையில் தங்கச்சி வீட்டு டிவியில். மூக்கால் வருகிற, அவசரமே இல்லாத, மெல்லிசான குரல். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவரா எங்கள் சித்தியை அப்படி ஆட்டி வைத்தார்?

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. தெரியாது. துரைக்கு லீவு கடிதம் எழுதுகிற அளவுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, சத்தமும் நிறுத்தப்பட்ட படத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு கவலையும் படாமல் சொந்தமாகவே சொன்னார். அதுவும் திரையைப் பார்த்துச் சொல்ல மாட்டார். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். யாராவது கண்ணைத் துடைத்தால் அந்தப் பக்கம் கதையை இழுப்பார், யாராவது கொட்டாவி விட்டால் ஒரு சண்டையைக் கிளப்புவார். எப்போதாவது கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொள்வார், ரோட்டைப் பார்க்காமல் பஸ் ஓட்டுகிறவர் மாதிரி.

மாட்டிக்கொள்ளாமல் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு முறை வீட்டுக்குள் வந்த பெண்ணைப் பார்த்து, "இது அவரு கூடப் பொறந்த தங்கச்சி, தீபாவளிக்கு வந்திருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் தொப்பிக்காரர் அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துவிட்டார். டிரைவர் அண்ணன் பாய்ந்து உள்ளங்கையால் லென்ஸை மூடினார். விரல் சந்தில் என்ன தெரிந்ததோ அது தெரிந்தது. மாமா அசரவில்லை. "ரொம்ப நாளைக்கப்புறம் பாக்குறாங்கள்ல" என்றார்.

ஆனால் பெரிய சிக்கலைக் கிளப்பியது பிள்ளை மடுவத்து ஆயா. அம்மாக்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறபோது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த ஆயாவின் குரல் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு எழுந்து நின்று கேட்டது.

"மாஸ்டர், போன மாசம் மோதிரம் மாட்டி ஒரு சுருட்ட முடிக்காரியக் கட்டுனாரே, அவ எங்க? இவ யாரு புதுசா? நம்மள என்ன முட்டாளுன்னு நெனச்சாரா?"

மண்டபமே ஆமாங்க ஆமாங்க என்றது. பெண்கள் பக்கத்தில் நிஜமான கோபம். மாமா புனலை இறக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது இந்தியா போயிருச்சு ஆயா. அதுக்குப் பேப்பர் வந்துருச்சு."

"ஐயய்யோ. அப்ப இவரு?"

"இவருக்கு சிலோன் பேப்பரு."

சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. அமெரிக்காக்காரனுக்கு எதற்கு சிலோன் பேப்பர் என்று ஒரு மனுஷர்கூடக் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் யார் இருந்தார்கள்? தோட்டத்தில் பாதிப் பேருக்கு எந்த நாடும் இல்லாத காலம். சிலர் இங்கேயே குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள், சிலர் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில், அண்ணனுக்கு ஒரு நாடு தம்பிக்கு ஒரு நாடு. தொப்பிக்காரரும் நம்மைப் போல மாட்டிக்கொண்டவர் என்று தெரிந்ததும் ஆயா உட்கார்ந்து மூக்கைச் சிந்தியது. அன்றிலிருந்து நீங்கள் அவரைக் கும்பிடாத குறை.

எங்கள் சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பத்து வயதிலேயே மலைக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் எழுத்துத் தெரியாது. சித்தப்பா அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் அண்ணன் குடும்பத்தோடு இந்தியா போய்விட்டார். முன்னால் போய் இடம் பார்த்துவிட்டு எழுதுகிறேன், அப்புறம் நீ வா என்று சொல்லிப் போனவர். சித்தியின் பெயரையும் இந்தியாவுக்கே பதிந்திருந்தார். சித்தி ஒரு முறை கண்டிக்குப் போய் அங்கிருக்கிற இந்திய ஆபிஸில் கைநாட்டு வைத்துப் பாஸ்போர்ட்டை வாங்க வேண்டியதுதான் பாக்கி. வாங்கிவிட்டால் இங்கே வேலை போய்விடும், காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு ரயில், தலைமன்னார், கப்பல். திரும்பி வர வழியே கிடையாது. அந்தக் கரையில் சித்தப்பா நின்றால் சித்திக்கு வாழ்க்கை உண்டு. நிற்காவிட்டால் உலகத்தில் ஓர் இடம் இல்லை. இது குழந்தையான எனக்கே தெரிந்திருந்தது.

சித்தப்பாவின் கடுதாசிகளை மாமாதான் படித்துக் காட்டுவார். படம் சொல்கிற அதே குரல், அதே இழுப்பு. "தண்ணி வசதி பாத்துக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் பொறு" என்று சித்தப்பா எழுதியிருப்பதாக ஒரு வாரம் படிப்பார். அடுத்த ஞாயிறு தொப்பிக்காரர் திரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார், "சம்சாரத்தக் கூப்புடுறதுக்கு முன்னால தண்ணி வசதி பாக்குறாரு" என்று மாமா புனலில் சொல்வார். சித்தி என் முட்டியை இடித்து, "பாத்தியா, மறக்கல" என்பார். எனக்கு இப்போது நினைத்தாலும் மாமாவின் கையிலிருந்து அந்தப் புனலைப் பிடுங்க வேண்டும் போல இருக்கிறது.

பங்குனி மாதம் ஒரு ரயில் படம் வந்தது. சின்ன ஸ்டேஷன், ஆளரவம் இல்லை, ஒரு நொண்டி நாய். ரயில் வந்து நிற்கிறது, பெட்டியோடு ஒரு பெண் இறங்குகிறாள், தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். மாமா உருகிவிட்டார். இதுதான் அந்தச் சுருட்டை முடிக்காரி, இந்தியாவிலிருந்து புருஷனைத் தேடி வந்துவிட்டாள், காத்திருந்தது வீண்போகவில்லை என்றார். மண்டபமே அழுதது. சித்தி அழவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார். அதே வாரம் சித்தப்பாவிடமிருந்து ஒரு நீலக் கடுதாசி வந்தது. இரண்டு ரூம் வைத்து வீடு கட்டியாகிவிட்டது, ஒரு பசுமாடு வாங்கியாகிவிட்டது, நீ வந்து விளக்கேற்ற வேண்டியதுதான் என்று எழுதியிருப்பதாக மாமா படித்தார். சித்தி அடுத்த நாளே கண்டிக்குப் போக நாள் கேட்கச் சொல்லிவிட்டார். ஆவணியில் ஒரு திங்கட்கிழமை என்று சொல்லி ஆபிஸிலிருந்து பதில் வந்தது. பதுளை டவுனுக்குப் போய்ச் சிவப்புப் பூப்போட்ட தகரப் பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். அதன் பூட்டு சரியில்லை என்று அம்மா வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு எட்டு நாள் முன்னால் ஒரு ஞாயிறு. துரை காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் இருந்தார், பெட்டியைச் சரிபார்க்க ஆள் இல்லை. கொழும்புக் கடைக்காரன் மேலே வேறு பெயர் ஒட்டி உள்ளே அதே ரயில் படத்தை வைத்து அனுப்பியிருந்தான். மெஷின் ஓடியது. அதே ஸ்டேஷன். அதே நாய். மாமா வழக்கம்போல எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"ரயில்ல இருந்து எறங்குறது அவரு அக்கா மவ. ஊர்ல அம்மா தவறிட்டாங்கன்னு சேதி கொண்டு வருது. அதான் தொப்பியக் கழட்டிட்டாரு."

ஆயா எழுந்தது. "மாஸ்டர், இந்தப் படம் பங்குனில பாத்ததுங்க. அன்னிக்கு இவ பொஞ்சாதின்னீங்க."

"அது வேற, இது வேற."

"நொண்டி நாய் இருக்குதுங்களே!"

"அது வேற நாய்."

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கூரை பறக்கிற மாதிரி சிரித்தது. சிரித்து, விசில் அடித்து, "மாஸ்டர், இன்னொரு கதை சொல்லுங்க, மூணாவது பொண்டாட்டி கதை சொல்லுங்க" என்று நீங்கள் கத்தினீர்கள். மாமாவும் சளைக்காமல், வெட்கப்படாமல், கூடச் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் நீங்கள் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் பொற்காலம் என்கிறீர்கள். அந்தப் படத்தை அண்மையில் பேரனோடு உட்கார்ந்து சத்தத்தோடு பார்த்தேன். அந்தப் பெண் பொஞ்சாதியும் இல்லை, அக்கா மகளும் இல்லை. நிலத்தை வாங்க வந்த ஒரு கம்பெனியின் ஏஜெண்ட். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றியது வெயிலுக்கு வியர்த்ததால்.

சித்தி சிரிக்கவில்லை. படம் முடிகிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து அந்த நீலக் கடுதாசியை எடுத்தார். மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருந்துச்சு, மறந்து போச்சு. இன்னொருக்கா படிங்க."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வீடு கட்டியாகிவிட்டது, முன்னால் ஒரு முருங்கை வைத்தாகிவிட்டது, ஓர் எருமை வாங்கியாகிவிட்டது.

"எருமையா? அன்னிக்கு பசுன்னீங்க."

"எருமையும் மாடுதானம்மா."

"மொருங்க மரம் அன்னிக்கு இல்ல."

"எழுத்து பொடியா இருக்கு, அன்னிக்குக் கண்ணுக்குத் தெரியல" என்றார் மாமா. சித்தி கடுதாசியை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றார். அம்மாவின் முதுகு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னவோ தெரிந்த முதுகு.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது சித்தி மலையிலிருந்து முன்னதாகவே வந்து காத்திருந்தார். காம்பராக் கதவைச் சாத்தினார். நான் ஐந்தாம் வகுப்பு. கூட்டெழுத்துப் படிக்கத் தெரியும் என்று எனக்குப் பெருமை அதிகம்.

"இதப் படி. இருக்கிறத மட்டும் படி."

படித்தேன். கடுதாசி சித்திக்கே எழுதப்படவில்லை. "மச்சானுக்கு எழுதிக்கொள்வது" என்று தொடங்கியது. நான் இங்கே என் அத்தை மகளைக் கட்டிக்கொண்டேன். போன மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்கள் தங்கச்சியை அனுப்பி வைக்க வேண்டாம். வந்தால் தங்க வைக்க எனக்கு இடம் இல்லை. நான் வந்து கூட்டிப் போகவும் மாட்டேன். அங்கேயே பார்த்து ஏதாவது செய்துகொள்ளுங்கள்.

எங்கேயும் தடுக்காமல் படித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தேன். சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா படி."

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பயந்து, விரல் வைத்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

"இன்னொருக்கா."

அழுதுகொண்டே மூன்றாவது முறையும் படித்தேன். சித்தி கேட்டு முடித்து, தலையை ஆட்டினார்.

"மூணு வாட்டியும் ஒரே மாதிரி இருக்கு. அப்ப இதுதான் எழுதியிருக்கு."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது உங்களில் யாருக்கும் தெரியாது, அதனால்தான் மலர் போடுகிறீர்கள். அம்மா என்னை முதுகில் இரண்டு போட்டார். "ஒன்ன யாருடி படிக்கச் சொன்னது?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். கடுதாசி வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் யாருக்கு அது தெரிய வேண்டுமோ அவர்.

"அவள ஏன் அடிக்கிற?" என்று சித்தி என்னை இழுத்துத் தன் பக்கம் நிறுத்தினார். "இந்த வீட்ல எழுதினத எழுதினபடி படிச்சது அவ ஒருத்திதான்."

மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். புனல் இல்லாமல் பேசுகிறபோது அவருக்குச் சின்னக் குரல்தான். "நேர்ல போயி நீ நின்னா மனசு மாறிடுவான்னு நெனச்சேன்மா. ஒன் மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் மனசு எளகாதா? இங்க ஒண்டியா கெடந்து என்ன செய்யப் போற?"

"நான் அங்க கப்பல்ல இருந்து எறங்கி நிக்கிறேன். யாரும் வரல. அப்ப எனக்குப் பக்கத்துல நின்னு கதை சொல்ல நீங்க வருவீங்களாண்ணே?"

இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் ஓர் அமெரிக்காக்காரனுக்காகப் பேசுகிற மனுஷர், தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். சித்தியின் முகம் வாடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்ன பொய்கள்தான் சித்தியைக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றியிருக்கும். முகத்தைப் பார்த்துக் கதை சொல்கிறவர்களிடம் எனக்கு இந்த வயதிலும் பயம். அவருக்காக நான் அழுதிருக்கிறேன், ஆனாலும் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமை விடிகாலை, கண்டி பஸ் ஏற வேண்டிய சித்தி, மலைக்குப் போகிற உடுப்போடு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், பனியில், நூறு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் கணக்கப்பிள்ளை ஐயா செக்ரோல் பேரேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். சித்தியின் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னிக்குக் கண்டிக்குப் போகலயா? ஒம் பேர எடுக்கச் சொல்லி மாஸ்டர் போன வாரமே சொல்லிட்டாரே."

"போகலீங்க. எழுதுங்க."

"யோசிச்சுக்க. இன்னிக்கு விட்டா அப்புறம் எப்ப நாள் குடுப்பானோ."

"யோசிச்சுட்டேங்க. எழுதுங்க."

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினார். எழுதி முடித்ததும் சித்தி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"எழுதினதப் படிங்க" என்றார் சித்தி.

கணக்கப்பிள்ளை ஐயாவை அந்த வரிசையில் யாரும் அதற்கு முன்னால் அப்படிக் கேட்டதில்லை. சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து, சித்தியின் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"இன்னொருக்கா படிங்க" என்றார் சித்தி.